கீழ் வீடு

திங்கட்கிழமை காலை ஒரு இன்வெர்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். முதலாளி வந்து, "தனசேகர் போயிட்டாம்பா, பஸ்லயே" என்றார். கீழ்பென்னாத்தூரிலிருந்து டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் பேருந்து நிலையம் வரை எழுப்பவில்லை.

நம் சர்வீஸ் சென்டரில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தனசேகர் அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலைக்குப் போன வீட்டில் நான் நீட்டி முழக்கினால், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றா, கோர்ட்லயா நிக்கிற?" என்பார். எனக்கு உறைத்ததே இல்லை.

வாரம் மூன்று முறை பஸ் பயணம் அவரை உருக்கிவிட்டது. அதனால் இங்கேயே ஆஸ்பத்திரிக்குக் கிட்டே, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்ரூம் வீடு பார்த்தார், அவருக்கும் அண்ணிக்கும் அது போதும். மாடி ஏற முடியாது என்பதால் கீழ் வீடுதான் வேண்டும். தேட நானும் கூடப் போனேன். ஒரு வீட்டுக்காரர், பௌர்ணமிக்கு இரண்டு நாள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், கிரிவலக்காரர்களுக்கு விடுவோம் என்றார். வெளியே வந்ததும் அண்ணன், "அந்த ரெண்டு நாளும் நாம மலைய சுத்தினே இருக்கலாம்டா" என்றார். அப்போது அவரால் தெருமுனை வரைகூட நடக்க முடியாது.

அடுத்த தெருவில் நல்ல கீழ் வீடு. எல்லாம் பேசி முடிந்து, வீட்டுக்கார அம்மா சும்மா கேட்டார்: "மேல் வீடு காத்தோட்டமா இருக்கே, அது வேணாங்களா?"

"முட்டி வலிங்க" என்றார் அண்ணன்.

"முட்டி இல்லைங்க, கிட்னி. டயாலிசிஸ் போயினு இருக்காரு" என்றேன். இரக்கப்படுவார்கள் என்று நினைத்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. வீட்ல பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. நல்லது கெட்டது ஏதாச்சும் ஆயிட்டா..." என்று அந்த அம்மா கதவுப் பக்கம் பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும், "யார்றா கேட்டா உன்ன?" என்றார் அண்ணன். அவ்வளவுதான் திட்டினார். அதன்பின் எந்த வீடும் அமையவில்லை. புரோக்கர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

காரியத்தன்று அண்ணி என்னிடம் கேட்டார்: "அந்தக் கீழ் வீட்ல தண்ணி உப்பு, வேணாம்னு சொல்லிட்டாரு உங்க அண்ணன். உப்பா இருந்தா என்னா தம்பி, இருந்திருக்கலாம் இல்ல?"

என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவர் சொன்ன பொய். அவருடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"ரொம்ப உப்பு அண்ணி" என்றேன்.

அண்ணியைப் பார்க்கப் போகிறவர்கள் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.