இரண்டு பிள்ளைகளுக்குப் பால்

செம்மண்டலத்தில் குடியிருந்த எழிலரசிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு நன்றியாகக் கர்த்தருக்கு எதைக் கொடுப்பது என்று அவளும் கணவன் ராஜவேலும் பேசிக்கொண்டிருந்த நாளில்தான், 2004 டிசம்பரில் சுனாமி வந்தது.

வீடிழந்து சர்ச்சில் தங்கியிருந்தவர்களுக்கு எழிலரசி சோறு கொண்டுபோனாள். அங்கே தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் கைக்குழந்தையான மகனோடு தடுமாறிக்கொண்டிருந்தார். தாய் கயல்விழி கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். புட்டிப்பாலைக் குழந்தை துப்பிக்கொண்டே இருந்தது. எழிலரசி அவனை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து பால் கொடுத்தாள். தகப்பனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கும் தூக்கி வந்தாள்.

மாமியார் தயங்கினார். "நம்ம புள்ளைக்குப் பத்துமாம்மா?"

"கர்த்தர் குடுத்தது தானே அத்தை. எம்புள்ளைக்கு மட்டும்னு எப்படி வச்சிக்கிறது?"

சில நாள் பால் போதாமல் ஏழு மாத மகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு அழும்போது எழிலரசியும் அழுதாள். ஆனால் அந்தப் பையனுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

பொங்கல் கழிந்து, கட்டுப்போட்ட காலோடு கயல்விழி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகனை வாங்கி வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்குப் பால் வத்திப்போச்சுக்கா."

"அதுக்கென்ன, நீயும் இங்கியே இரு."

எழிலரசி அவளுக்குப் பாய் விரித்தாள். பையன் கஞ்சி குடிக்கப் பழகும்வரை கயல்விழி அந்த வீட்டிலேயே இருந்தாள். எழிலரசி ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது கயல்விழி அடுத்த குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள்.