கொடைக்கே வா என்றேன்

அந்த வைகாசியில் குற்றாலத்தில் அருவி விழுந்ததும் தென்காசியே துள்ளிக் குதித்தது. சீசனுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆளாளுக்கு எண்ணெயும் துண்டுமாகக் கிளம்பினார்கள். செம்மண் கலந்து டீ நிறத்தில் கொட்டியது தண்ணீர். போலீஸ்காரர்கள் கயிறு கட்டித் தடுத்தும், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். என் போனுக்கும் வந்தது. ‘செம கிளைமேட்’ என்று எழுதி, கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. அனுப்பியவள் என்னோடு ஆபீசில் வேலை பார்ப்பவள், நல்லவள்தான். வந்த ஆத்திரத்தில் அவளை பிளாக் செய்துவிட்டேன்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில், புதிதாகப் போட்ட பிளாட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த வீட்டின் முன்னறையில் அம்மா சாகக் கிடந்தாள். அவளுக்கு நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவள். தம்பி ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே இமயமலையில் ஏதோ ஒரு கணவாய்க்கு அந்தப் பக்கம். அவன் வந்து சேருகிறவரை அம்மாவின் மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் கிடையாது.

பங்குனிக் கடைசியிலேயே அவனை வரச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது நான்தான்.

பங்குனியில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, மூன்று மாதம் போகலாம் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ‘குடல்புண்ணாம்மா, காரம் சேக்கக் கூடாதாம்’ என்றேன். அவள் அதை அப்படியே நம்பி, வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் ‘ஒண்ணுமில்ல, குடல்புண்ணுதான்’ என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தம்பியிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில், பட்டாளத்துக்கோ துபாய்க்கோ ஆள் அனுப்பிய வீடுகளில் இது ஒரு பழக்கம். தூரத்தில் இருப்பவனிடம் போனில் நல்லதை மட்டும்தான் சொல்வோம். பசுமாடு செத்ததைக்கூட, அவன் ஆறு மாதம் கழித்து லீவில் வந்து தொழுவத்தை எட்டிப் பார்த்த பிறகுதான் சொன்னோம். துப்பாக்கியும் கையுமாக மலைமேல் நிற்பவனுடைய நினைப்பு வீட்டில் கிடக்கக் கூடாது என்று ஒரு பயம். அப்படி மறைப்பதைத்தான் நாங்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கேன் எடுத்து நாலாம் நாள் அவனே கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு மாசம் லீவு தாறாங்க. இப்பமே வரவா, இல்ல கொடைக்கு வரவா? ரெண்டு தடவ கேட்டா தரமாட்டாங்க.”

கொடை என்பது எங்கள் சொந்த ஊரில் குலசாமிக்கு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும் விழா. வைகாசிக் கடைசிச் செவ்வாய். தீபாவளிக்கு வராத போலீஸ்காரனும் பட்டாளத்துக்காரனும் கொடைக்கு வந்து நிற்பான். தம்பி இரண்டு வருடமாக வரவில்லை. அந்த இரண்டு வருடமும் அம்மா சாமி கும்பிட்டுவிட்டு, படைப்புச் சோற்றைத் தொடாமல் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், இப்போதே வரச் சொல் என்று கையைக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாக்டர் சொன்னது மூன்று மாதம், கொடைக்கு இரண்டு மாதம். கொடைக்கு வரட்டும், அம்மா கண்குளிரப் பார்க்கட்டும், அது முடிந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

“கொடைக்கே வாலே. இங்கன எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்” என்றேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவன் வாசலில் கால் வைத்த நிமிடத்தில் அம்மா முழுக்க அவன் பக்கம் போய்விடுவாள். பத்து வருடமாக வெந்நீர் போட்டுக் கொடுப்பவள் நான், தலை பின்னி விடுபவள் நான். அவன் வந்தால் ‘அவனுக்கு மீன் வாங்கிக் கொடுத்தியாட்டி’ என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிடுவாள். இந்தக் கொஞ்ச நாளாவது அவள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. ஐம்பது வயதில் எனக்கு அப்படி ஒரு அற்பப் புத்தி.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் ஐந்து வாரத்தில் முடிந்துபோனது. வைகாசி பிறந்ததும் அம்மாவுக்குக் கண் மஞ்சளானது. எழுந்து உட்காரவும் முடியவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, ‘அம்மாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே கெளம்பு’ என்றேன். அவன் ‘சரிக்கா’ என்றான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டான்.

“அக்கா, நேத்து ராத்திரியிலருந்து பனி கொட்டுது. இந்த மாசத்துல இப்படி விழாதுன்னு இங்கன உள்ளவங்களே சொல்லுதாங்க. ரோட்ட மூடிட்டாங்க. வண்டி ஒண்ணும் எறங்கல.”

அன்றைக்கு டிவி செய்தியில் முதலில் அதைக் காட்டினார்கள். மலையில் பனி, அடிவாரத்துச் சமவெளியில் பேய்மழை, கோதுமையெல்லாம் நனைந்துவிட்டது. அது முடிந்ததும் தென் மாவட்டங்களில் சூறைக்காற்றுடன் கோடை மழை என்றார்கள். இரண்டையும் அந்தப் பெண் ஒரே சிரித்த முகத்தோடு வாசித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் இருட்டியது. காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது, பின்னாலேயே மழை. கார் நிறுத்துகிற தகரக் கொட்டகைமேல் கல்லெறிகிற மாதிரி ஆலங்கட்டி விழுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டம்ளரில் பொறுக்கிக்கொண்டு கத்தின. அம்மா கண்ணைத் திறந்தாள்.

“என்னட்டி சத்தம்?”

“ஆலங்கட்டி மழம்மா.”

ஒன்று கொடு என்பதுபோல் வாயைத் திறந்தாள். வாசலுக்குப் போய் ஒரு துண்டை எடுத்துக் கழுவி அவள் நாக்கில் வைத்தேன். இரண்டு நாளாகத் தண்ணீரைக்கூடத் துப்பியவள், அதைக் கரைத்து விழுங்கினாள்.

“அவன் இருக்க எடத்துலயும் இப்படித்தான் விழுமோ?”

“அங்கன நல்ல வெயிலாம்.”

“கெளம்பிட்டானா?”

“ரயிலேறிட்டான்மா. நாளைக்கழிச்சு இங்கன இருப்பான்” என்றேன், வாய் கூசாமல். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஆலங்குளம் ரோட்டில் மரம் விழுந்து கம்பங்கள் சாய்ந்துவிட்டன, வாழையெல்லாம் படுத்துவிட்டது, இப்போதைக்குக் கரண்ட் வராது என்று வீட்டுக்காரர் விசாரித்து வந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் போனில் டவரும் போனது. வீட்டுக்குள் ஒரு புள்ளிகூடக் காட்டவில்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒன்று வந்து வந்து போனது.

குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றேன். ஒன்றரை மணிக்குத் தம்பியின் அழைப்பு வந்தது, வீடியோ. படம் வரவில்லை, குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

“அக்கா, அம்மாட்ட குடு. ஒரு நிமிசம் காட்டு.”

“வச்சிராத. கீழ கொண்டு போறேன்” என்று சொல்லிப் படியிறங்கினேன். ஐந்தாவது படியில் அறுந்துவிட்டது. மறுபடி மேலே ஓடினேன், மறுபடி கூப்பிட்டான், மறுபடி இறங்கினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் அதே படி. அம்மாவைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கலாமா என்றுகூட வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்த மழையில் எப்படித் தூக்குவது? கடைசியில் தம்பியே, ‘நான் பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்புதேன், அதப் போட்டுக் காட்டு’ என்றான். அனுப்பியும் விட்டான். என் போனில் அது இறங்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் குடையை எறிந்துவிட்டுப் போனை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சின்ன வட்டத்தைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், எங்கள் குலசாமியைத் திட்டினேன்.

வீட்டுக்காரர் படியேறி வந்தார். என் தோளைத் தொட்டார். மணி மூன்றிருக்கும். தம்பியின் குரல் மூன்றேகாலுக்கு இறங்கியது.

ஒரே மகன் வந்து கொள்ளி வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாம் என்றார்கள். பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே. ஜெனரேட்டர் கேட்டு நாலு இடத்தில் அலைந்தார் வீட்டுக்காரர், எல்லாமே வெளியே போயிருந்தது. மறுநாள் காலையில் மழை விட்ட இடைவெளியில் தூக்கிவிட்டோம். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். விறகு நனைந்திருந்ததால் ரொம்ப நேரம் புகைந்தது என்று வந்து சொன்னார்கள்.

தம்பி ஆறாம் நாள் வந்தான். அதற்கு முன்னாலேயே, பங்குனித் தேதி போட்ட ஸ்கேன் பேப்பர்களை எடுத்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவன் பையை இறக்காமல் அம்மாவின் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் பேசி அனுப்புனத அம்மா கேட்டாளா அக்கா?”

“ஆமாலே, கேட்டா. கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனா.”

வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார்.

பதினாறாம் நாள் காரியம் வீட்டு முற்றத்தில் நடந்தது. தீட்டு என்பதால் அந்த வருடக் கொடைக்கு எங்களால் போக முடியாது. லீவு தீர்ந்தால் அவன் திரும்பிப் போக வேண்டியதுதான். மணையில் உட்காருமுன் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டார்கள். அந்த வெக்கையிலும் வந்த நாள் முதல் காலுறையைக் கழற்றாமல் இருந்தான். பட்டாளத்துப் பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் கழற்ற வேண்டியிருந்தது. இடது காலில் இரண்டு விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன.

“என்னலே இது?”

“பனி கடிச்சிட்டு. ரோடு தெறக்கதுவரைக்கும் பொறுக்க முடியலக்கா. நடந்து எறங்கிரலாம்னு ரெண்டு பேரோட கெளம்பினேன். பாதி தூரம்கூடப் போகல, திரும்பிட்டோம். போனதும் ரெண்டு வெரலயும் எடுத்துருவாங்களாம்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சுற்றியிருந்தவர்கள் அம்மாவுக்காக அழுகிறேன் என்று என்னைத் தூக்கப் பார்த்தார்கள். பீரோவைத் திறந்து அந்தப் பேப்பர்களை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டிவிட வேண்டும் என்று இருந்தது. என்னை அடி என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அவன் குனிந்து என் கையை விலக்கினான்.

“விடுக்கா. பங்குனியில நான் கேட்டப்பவே கெளம்பி வந்திருக்கணும். அம்மாகூட ஒரு மாசம் இருந்திருப்பேன். ஒனக்கும் அப்பம் தெரியாதுல்லா.”

வாளியும் கையுமாக நின்ற வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

“தெரியாதுலே” என்றேன்.