பிஸ்கட் டின்னுக்குள் கைப்பேசிகள்

மலேசியாவின் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு தோசைக்கடை. காலை வெயில் மேசை வரை வந்துவிட்டது. என் எதிரே இருக்கும் லோரி டிரைவர் பேப்பரின் முதல் பக்கத்தை உரக்கப் படிக்கிறார். நீதிமன்ற அனுமதி இல்லாமலேயே அரசாங்கம் நம் கைப்பேசிகளைக் கண்காணிக்கலாமாம். அதற்குப் பொதுமக்கள் ஆதரவாம்.

"எந்தப் பொதுமக்கள் லா? எங்கிட்ட யாரும் கேக்கலியே!" என்கிறார் கடைக்கார அக்கா. சொன்ன கையோடு ஒரு காலி பிஸ்கட் டின்னை மேசை மேசையாக நீட்டுகிறார். ஆளாளுக்குத் தங்கள் கைப்பேசியை அதில் போடுகிறார்கள். நான் விழிக்கிறேன்.

"அரசியல் பேசுனா போன் டின்னுக்குள்ள போயிரணும். நம்ம கடை ரூல். நீங்களும் போடுங்க தம்பி."

போடுகிறேன். மூடியை இறுக்கி, டின்னை மாவு வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். அப்புறம்தான் தொடங்குகிறது விவாதம், தெருக்கோடி வரை கேட்கும் சத்தத்தில்.

"திருடனப் புடிக்கணும்னா பாத்துட்டுப் போகட்டுமே" என்கிறார் ஓரத்து மேசைக்காரர்.

"அப்ப கோர்ட்டுல கேட்டுட்டுப் பாக்கட்டும்!" என்று டிரைவர் மேசையைத் தட்டுகிறார். என் சாம்பார் கிண்ணம் குதிக்கிறது.

சட்டென்று எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிகிறார்கள். வாசலில் சீருடையோடு ஒரு தமிழ்ப் போலீஸ்காரர். ஒரு தே தாரிக் டீ சொல்லிவிட்டு, விரிந்து கிடக்கும் பேப்பரை நின்றபடியே படிக்கிறார்.

படித்து முடித்தவர் சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுக்கிறார்.

"டின் எங்க இருக்கு, அக்கா? எங்கிட்டயும் யாரும் கேக்கல."