மழைக்கு வைத்த வாளி

போன கிழமை ஒரு பின்னேரம் கடற்பக்கமாக வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று ஒருமுறை அடங்கி நின்றுவிட்டு, ஒழுங்கையில் கிடந்த கடதாசி, சருகு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு எழும்பியது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஓடி ஓடி எல்லா யன்னலையும் இறுக்கிப் பூட்டினேன். பழைய துவாய்களை நனைத்துப் பிழிந்து, குசினிக் கதவுக்குக் கீழே ஒன்றைத் திணித்தேன். அடுத்ததை முன்கதவுக்குக் கொண்டுவந்தபோது, முன்வீட்டுப் பிள்ளை காயப்போட்ட உடுப்புகளை அள்ளியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மாமா, மழையெல்லே வரப்போகுது. நீங்கள் ஈரத் துவாயோடை நிக்கிறியள்?”

“இல்லைப் பிள்ளை, புழுதி...” என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டேன். எங்கே புழுதி? குருநகரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஐப்பசி மாதத்தில்! அசடு வழியச் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். இருபத்திரண்டு வருசம் மணலுக்கு நடுவில் இருந்துவிட்டு வந்தவனுக்கு வானம் கறுத்தால் கை தானாக யன்னலுக்குத்தான் போகிறது. ஊருக்குத் திரும்பி மூன்று வருசமாகிறது. மூளை எப்போதோ வந்துசேர்ந்துவிட்டது. கைதான் இன்னும் வரவில்லை.

முதல் துளி விழுந்ததும் ஒரு மணம் எழும்பியது. கரையில் ஒதுங்கி அழுகும் சாதாளைப் பாசி, வலை, சூடான சீமெந்து எல்லாம் ஒன்றாய்க் கலந்த மணம். நல்ல மணம் என்று சொல்ல மாட்டேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது மூக்கில் ஏறினால் எனக்கு உடனே றெஜினாவின் குரல்தான் கேட்கும். றெஜினா என் மனைவி. “இஞ்சாருங்கோப்பா, வாளி! வாளியளை எடுங்கோ கெதியா!”

குருநகர் ஒழுங்கைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நிற்கும். எங்கள் வீட்டுச் சுவர்தான் அந்தோனியம்மா அக்காவின் வீட்டுச் சுவரும். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவர் அந்தப் பக்கம் “சேசுவே” என்பார். எங்கள் வீட்டில் சண்டை என்றால் அடுத்த நாள் காலை அதற்கு அவர்தான் தீர்ப்புச் சொல்வார், பெரும்பாலும் எனக்கு எதிராக. எல்லாம் இருந்தது அந்த ஒழுங்கையில். நல்ல தண்ணீர் மட்டும் இல்லை. கிணறெல்லாம் உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடிதண்ணீர் பவுசர் வண்டியில் வரும். வரும் என்று சொல்லிவிட்டு வராமலும் விடும்.

ஆகவே மழை என்றால் எங்களுக்கு அது வானத்திலிருந்து வருகிற பவுசர். வானம் இருட்டத் தொடங்கியதுமே பெண்கள் வாளி, கிடாரம், குடம், சட்டி என்று ஓட்டு விளிம்பின் கீழே வரிசையாக வைத்துவிடுவார்கள். அதிலும் றெஜினாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. முதல் பத்து நிமிச மழை கூரையைக் கழுவுவதற்கு. காகம் எச்சம் போட்ட தண்ணீரை மனிசர் குடிக்கலாமோ? அதுவரை மீன் கழுவும் பழைய வாளியை மட்டும் வைப்பாள். பிறகுதான் சீதனமாக வந்த அந்தப் பெரிய அலுமினிய வாளி வெளியே வரும். வெறும் வாளியில் மழை விழும்போது டண்டண் என்று ஒரு சத்தம். ஒழுங்கை முழுக்க நாற்பது வாளி ஒரேயடியாக அப்படிச் சத்தம் போட்டால், பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது. வாளி நிரம்ப நிரம்பச் சத்தம் அடங்கும். குசினிக்குள் நின்றபடியே றெஜினா சொல்வாள்: “அந்தோனியம்மா அக்கா, உங்கடை நிரம்பிட்டுது!” எழும்பிப் பார்த்தால் நிரம்பித்தான் இருக்கும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் கால் தடுக்கி அக்காவின் வாளி ஒன்றைத் தட்டிவிட்டேன். “எட தம்பி, மழைத்தண்ணியை ஊத்திறியே! கண்ணென்ன பிடரியிலையே கிடக்கு?” என்று அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கையே வெளியே வந்துவிட்டது. ஆளுக்கொரு பேச்சு. கோயிலுக்குப் போகாமல் விட்டதற்குக்கூட எனக்கு அவ்வளவு பேச்சு விழுந்ததில்லை.

அப்போது நான் ஒரு ஐஸ் கொம்பனியில் மெக்கானிக். படகுகளுக்கு ஐஸ் கட்டி போகிற இடம். அந்தக் கொம்பனி ஒருநாள் மூடப்பட்டது. றெஜினாவின் ஒன்றுவிட்ட தமையன் வெளிநாட்டிலிருந்து கடிதம் போட்டார்: ஏசி திருத்தத் தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள். அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே கடற்கரையும் கண்ணாடிக் கோபுரமும்தான் ஞாபகம் வரும். நாங்கள் இருந்தது அதிலிருந்து இரண்டு மணித்தியாலம் உள்ளே, நாலு பக்கமும் மணல் சூழ்ந்த ஒரு நகரம். முதலில் நான் போனேன். ஒரு வருசம் கழித்து அவளையும் நாலு வயது மகளையும் கூப்பிட்டேன். அவளுக்கு வர விருப்பமேயில்லை. “ரெண்டே ரெண்டு வருசம். பிறகு திரும்பி வந்திடுவம்,” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வீட்டுத் திறப்பை அந்தோனியம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு, அழுதழுது ஏறினாள்.

அங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வந்தது, எந்த நேரமும். றெஜினா ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, “இதிலை ஒரு ருசியுமில்லை,” என்றாள். ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகச் சண்டை பிடித்தவள்! எனக்குச் சிரிப்பும் எரிச்சலும். அவளுக்குப் பெரிய கரைச்சல் தண்ணீர் இல்லை, சுவர்தான். நான் வேலைக்குப் போனபிறகு பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்பாளாம். “ஆரும் இருமக்கூட மாட்டினமப்பா. உள்ளுக்கை ஆக்கள் இருக்கினமோ, இல்லையோ?” இருந்தார்கள். கதவு, யன்னல் எல்லாம் பூட்டி, ஏசிக்குள் இருந்தார்கள். ஏசியைத் திருத்தி வைத்தவனே நான்தான்.

அப்படி மூன்று மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே லீவு நாள், வீட்டில் நின்றேன். மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தவனை அவளுடைய சத்தம் எழுப்பியது. “இஞ்சாருங்கோ, இருட்டுது! மாதாவே, மழை வருது!” நான் கண்ணைக் கசக்குவதற்குள் வீட்டிலிருந்த யன்னல் எல்லாம் பப்பரப்பாவென்று திறந்து கிடந்தன. வாளி, சோத்துப் பானை, மகளின் குளிக்கிற பேசின், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். எனக்கும் விளங்கவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு வருசம் முந்தி வந்தவன் நான், ஒருதரம் வானத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். அந்த இருட்டு கறுப்பில்லை, காவி. ஆனால் அவளுடைய சந்தோசத்தைப் பார்த்தபோது எனக்கும் அது மழையாகத்தான் தெரிந்தது. முதல் பத்து நிமிசச் சட்டப்படி பழைய வாளியை முன்னுக்கு வைத்துவிட்டு, நல்ல வாளியைத் தன் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

கட்டடத்துக் காவல்காரர் கேரளத்துக்காரர். படியேறி மூச்சு வாங்க ஓடிவந்தார். “சேச்சி, இது மழயல்ல, பொடியா! அகத்து போ!” மழையில்லை, புழுதி, உள்ளே போ என்கிறார். அவர் சொல்லி முடிக்க முந்தி மணல் வந்து முகத்தில் அடித்தது. கீழே வந்து பார்த்தால் படுக்கையில் மணல், சோற்றில் மணல், மகளின் தலைமயிருக்குள் மணல். புழுதி அடங்கியபிறகு வாளிகளை எடுக்கப் போனோம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிடி மா போல மெல்லிய மணல். றெஜினா அவற்றுக்கு நடுவில் குந்தியிருந்து அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. ஊர் என்றால் சத்தம் போட்டு அழுதிருப்பாள்.

“எனக்கு இஞ்சை ஏலாது. வீட்டை போவம்.”

“வாற வருசம் போவம்,” என்றேன்.

அந்த வார்த்தையை நான் எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்டால் வெட்கக்கேடு. முதலில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது, அது நியாயமான காரணம். பிறகு மகளின் படிப்பு. பிறகு என் முதலாளி மாறினார். பிறகு காரணமே சொல்லாமல் “வாற வருசம்” என்றேன், அவளும் காரணம் கேட்கவில்லை. இதற்கிடையில் அவள் ஒரு பாலர் பாடசாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளோடு கத்திக் கத்தி அரபும் மலையாளமும் படித்தாள். ஈரத் துவாயைக் கதவடியில் வைக்கிற வித்தையே அவள் கண்டுபிடித்ததுதான். பிற்காலத்தில் காற்று மாறுவது எங்கள் கட்டடத்தில் அவளுக்குத்தான் முதலில் தெரியும். படிக்கட்டில் நின்று எல்லா வீட்டுக்கும் குரல் கொடுப்பாள், ஊரில் வாளிக்குக் குரல் கொடுத்த அதே தொண்டையால். சனம் கதவைத் திறந்து அவளோடு கதைக்கத் தொடங்கியது.

எந்த வருசத்திலிருந்து அவள் “வீட்டை போவம்” என்று கேட்பதை நிறுத்தினாள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கேட்கிறவரை அது எனக்கு அரியண்டமாக இருந்தது. நின்றபோது கவனிக்கவேயில்லை. மடையன்.

அறுபது வயதோடு என் வேலை முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஏதோ பெரிய பரிசு கொடுக்கிறவன் போல, “சரி றெஜினா, போவம்,” என்றேன்.

“எங்கை?” என்று கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. அப்போது மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிற நேரம். மகளும் மருமகனும் என்னையும் தங்களோடு இருக்கத்தான் சொன்னார்கள். நான்தான் வீறாப்புப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். விமான நிலையத்தில் என் சேட்டுக் கொலரைச் சரிசெய்தபடி அவள் சொன்னாள்: “கோவிக்காதையுங்கோ. வாற வருசம் வாறன்.” எனக்கு அந்த வார்த்தையின் அருமை பெருமை எல்லாம் தெரியும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

வந்து பார்த்தால் அந்தோனியம்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வீட்டை வாங்கியவர்கள் மாடி கட்டி, உச்சியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்கும் குழாய்த்தண்ணீர் வந்துவிட்டது. இப்போது நான் தும்மினால் சுவர் பேசாமல் இருக்கிறது.

சரி, போன கிழமைக்கு வருகிறேன். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டபோது றெஜினாவின் அழைப்பு வந்தது. பேரன் நித்திரையாகிற நேரம் பார்த்துத்தான் தினமும் எடுப்பாள்.

“அங்கை மழையே? இரையிற சத்தம் கேக்குது.”

“ஓம், பிடிச்சு ஊத்துது.”

“வாளி வைச்சியளே?”

“வைச்சிட்டன்.”

“சும்மா பொய் சொல்லாதையுங்கோ. சத்தத்தைக் காணேல்லை.”

பிடிபட்டுவிட்டேன். போனை மேசையில் வைத்துவிட்டு, குசினி மூலையில் விறகுக்கு அடியில் கிடந்த சீதன வாளியை இழுத்து எடுத்தேன். கூரை பத்து நிமிசத்துக்கு மேலேயே கழுவப்பட்டிருந்தது, சட்டப்படி பிழையில்லை. ஓட்டு விளிம்பின் கீழே வைத்துவிட்டு போனைப் பக்கத்தில் பிடித்தேன். டண்டண் என்று தொடங்கியது. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. நானும் நனைந்துகொண்டு நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது, வாளியின் சத்தம் அரைவாசிக்கு அடங்கும்வரை.

பிறகு அந்தப் பக்கம் பேரன் எழும்பி அழுகிற சத்தம்.

“நிரம்பமுதல் எடுத்து உள்ளுக்கை வையுங்கோ, என்ன? தலையைத் துடையுங்கோ.”

“றெஜினா, வாற வருசம்...”

“பாப்பம்,” என்றாள்.

மூன்று வருசமாக “வாறன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாப்பம்” என்றது இதுதான் முதல் தரம்.

ஒழுங்கையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தேன். கதவுகள் பூட்டிக் கிடந்தன, வெளியே என்னுடைய வாளி ஒன்றுதான். நிரம்பியதும் தூக்கி உள்ளே வைத்து, அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு பேணி போதும். மிச்சத்தை என்ன செய்வது? மூன்றாம் நாள், நுளம்பு பெருகும் என்ற பயத்தில், வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒழுங்கையின் நடுவில் நின்று, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி ஊற்றினேன். “மழைத்தண்ணியை ஊத்திறியே!” என்று ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் கத்தவில்லை.