நான்காவது கட்டு

ஷார்ஜாவில் சாலையோரம் ஒருவன் நின்றால் கார்கள் நிற்கின்றன. பல்கலைக்கழகத்தை விட்டு நடந்துகொண்டிருந்த அந்த மத்தியானம் எனக்காக ஒரு பெரிய வண்டி நின்று காத்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கடை சந்திப்பில் எனக்காக ஓர் ஆட்டோகூட நின்றதில்லை. வேலை போனவனுக்கு இங்கே இந்த மரியாதை. கையை உயர்த்திவிட்டுக் கடந்தேன். அவசரமாகப் போக ஓர் இடமும் இல்லை.

பிளஸ் டூவைப் பாதியில் விட்ட எனக்கு அங்கே கிடைத்திருந்த வேலை, கேள்வித்தாளோடு தொழிலாளர் அறைகளுக்குப் போவது. ஊரைப் பிரிந்திருப்பதைப் பற்றிய கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். ஜோர்டானிலிருந்து வந்த பேராசிரியை அவற்றைக் கணினியில் போடுவார். சேர்ந்தே ஏறி இறங்கும் பதில்களை அது கட்டுகளாகப் பிரிக்கும். ஒரு கட்டுக்கு ஃபேக்டர் என்று பெயர். எத்தனை கேட்டாலும் பிரித்துத் தரும். எத்தனையை வைத்துக்கொள்வது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டு நினைப்பு, வேலைக் களைப்பு, தனிமை என்று மூன்றில் சந்தேகமில்லை. நான்காவதுதான் தகராறு. ‘ஊருக்குப் போனாலும் நான் விருந்தாளி’ என்பது போன்ற கேள்விகள் அதில் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு கட்டின் பலத்தையும் காட்டும் வரைபடக் கோடு முட்டத்துக் கடற்கரைப் பாறை மாதிரி செங்குத்தாக இறங்கி, அடியில் சரளையாகப் பரவியது. பாறை வரைக்கும்தான் கணக்கு, சரளையை விட்டுவிட வேண்டும் என்றார் அவர். நான்காவது புள்ளி இரண்டுக்கும் நடுவே கிடந்தது. கணினியே கலைத்துப் போட்ட அர்த்தமில்லாத எண்களோடு ஒப்பிட்டபோது, அவற்றைவிட மயிரிழை உயரம். அதை வைத்துக்கொண்டால் அதற்கென்று புதுக் கேள்விகள், இன்னொரு சுற்று, எனக்கு வேலை.

ஓர் அறையின் தாள்களில் மட்டும் கடைசிப் பக்கம் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று பேராசிரியை கேட்டார். துறைமுகத்தில் மீன்பிடிக்கும் முட்டத்துக்காரர்களின் அறை அது. நான் தாளோடு போனபோது, அவர்களின் படகை ஓட்டும் மரிய அண்ணன், "எல்லாத்துக்கும் அஞ்சு போடு மக்கா. நம்ம வீட்டுலயே நம்மள விருந்தாளியாட்டுதான் பாக்குதாவ" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் கடியப்பட்டணத்திலும் அப்படித்தான். கரையில் படகோட்டுகிறவர் பேசினால் அது படகின் பேச்சு. அதற்கு மேல் பேச யாருக்கும் தோன்றாது. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் வேலை இருந்திருக்கும். உள்ளதைச் சொன்னேன். பேராசிரியை அந்தத் தாள்களை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினார். நான்காவது, அர்த்தமில்லாத எண்களுக்குக் கீழே போய்விட்டது.

"மூன்று" என்றார். மனதார நன்றியும் சொன்னார். அந்த நன்றியை நம்பி, அடுத்த சுற்று எப்போது என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். அடுத்த சுற்றே அந்த நான்காவது கட்டுக்காகத்தானே.

மறுநாள் காலை மீன் மார்க்கெட்டில் வெட்டுகிற வேலைக்கு நின்றேன். பெட்டி இறக்க வந்த மரிய அண்ணன் என்னைக் கண்டு நின்றார்.

"ஏலே, கேள்வி கேக்குத வேலைய விட்டியா?"

அவர்கள் அறையின் தாள்களை நீக்கிவிட்ட கதையைச் சொன்னேன்.

"அப்ப நாங்க சொன்னது பொய்யா மக்கா?"

"உண்மதான் அண்ணே. ஆனா ஒரு ஆளு சொன்னதாட்டு ஆயிப்போச்சு."

"நீயும் நம்ம கூட்டந்தானல. ஒனக்கு எத்தன போட்ட?"

எனக்குத் தாள் கிடையாது, நான் கேட்க வந்தவன் என்றேன். அவர் நெய்மீன் ஒன்றை என் பலகையில் தூக்கிப் போட்டார். நான் செதிலைச் சுரண்டத் தொடங்கினேன்.