கேட்டு வாங்கிய லேப்டாப்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பாடக்குறிப்பு, வினாத்தாள், செய்தித்தாள் எல்லாம் எனக்கு லேப்டாப்பில்தான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அந்தக் குரல் பாதிச் சொல்லில் நின்றுபோனது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டே பூட்ச்சி சார். இதுக்கு செலவு பண்றது வேஸ்ட்டு" என்றார்.

பள்ளியில் கணினி ஆசிரியரிடம் யோசனை கேட்டேன். அக்கறையோடு ஒரு பட்டியலைப் போனுக்கு அனுப்பினார். எட்டாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை, நாலு கோர், எட்டு ஜிபி. அரச வம்சங்களையே மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். இது மண்டையில் ஏறவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அதெல்லாம் விலையில் என் சக்திக்கு மேல். ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்பது அந்தப் பட்டியலை எழுதியவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை நானும் மனைவியும் விழுப்புரம் போனோம். கடைக்காரர் அவளிடம்தான் கேட்டார். "சாருக்கு இன்னா மாதிரி வேணும் மேடம்?"

"வாங்கப் போறது அவருங்க. அவரையே கேளுங்க."

உடனே அவர் என் பக்கம் திரும்பி, புத்தம் புதிய ஒன்றை மேசையில் வைத்தார். "டிஸ்ப்ளே பளிச்னு இருக்கும் சார். படம் பாத்தா தியேட்டர்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பரவாயில்ல சொல்லுங்க. இந்த பென்டிரைவை மட்டும் போட்டு உடுங்க" என்றேன். அதில் என் மென்பொருளும் ஒரு நீளமான பாடமும் இருந்தன.

புதியது திணறியது. கீழே போகும் விசையை அழுத்தினால், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் குரல் வந்தது. அம்புக்குறி விசைகளும் ஒட்டிக்கொண்டு கிடந்தன, விரல் தடுமாறியது.

"வேற?"

தயங்கிக்கொண்டே பழையது ஒன்றை எடுத்து வந்தார். ஏதோ அலுவலகத்தில் ஓடியது, சுத்தம் பண்ணி ஆறு மாத வாரண்டியோடு விற்கிறார்களாம். விசைகள் ஒவ்வொன்றும் விரலுக்குத் தனித்தனியாகக் கிடைத்தன. அழுத்திய கணமே குரல் பேசியது. வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், பின்தங்கவில்லை.

"பழசு எப்படிங்க இவ்ளோ ஜல்தியா பேசுது?"

"அந்தப் புதுசுல இருக்கறது சுத்துற டிஸ்க்கு சார், தேடி எடுக்க லேட்டாவும். இதுல எஸ்எஸ்டி போட்டிருக்கோம், சுத்தற வேலையே இல்ல. ஆனா எடம் கம்மி."

ஒரு வாரமாக யாரும் சொல்லாததை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். மனைவி என் காதருகே, "ஓரத்துல கீறலுங்க. ஸ்கிரீனும் மங்கலா இருக்கு" என்றாள்.

"அந்தக் குறையையெல்லாம் சொல்லி வெலையைக் கொறை" என்றேன். குறைத்தாள்.

இடம் குறைவு என்று அவர் சொன்னதை நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒலிப்பாடங்கள் சேர்ந்து இரண்டே மாதத்தில் நிரம்பிவிட, தனியாக ஒரு டிஸ்க் வாங்க வேண்டியதாயிற்று. அந்த அரையாண்டு வினாத்தாளை மட்டும் ஒருநாள் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். தேர்வுக்கு அடுத்த மாதம் கணினி ஆசிரியர் தன் தங்கைக்கு லேப்டாப் வாங்கப் போனபோது, "நீங்களும் வாங்க சார்" என்று என்னையும் அழைத்துப் போனார்.