மழையை அடித்துவிடும் சலூஹா

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, கதையிலிருந்து மழையை அடித்துவிட்டாள் சலூஹா. அடுத்த பத்தியில் கதாநாயகிக்குத் தேநீர் வந்தது. அது ரொட்டியாகிவிட்டது.

ஸ்ஃபாக்ஸ் என்ற கடற்கரை நகரில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் அறை அது. ஆறு நாற்காலிகள், ஆறு இயந்திரங்கள். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நான்கு மணி நேரம். மூன்றாவது நாற்காலி சலூஹாவுடையது. இடக்கையில் ஊசி, வலக்கையில் வாரப் பத்திரிகை. தாளைப் புரட்ட மோவாய். மற்ற ஐவருக்கும் உரக்கக் கதை வாசிப்பவள் அவள்தான். திரைச்சீலை தைப்பவள் என்பதால், கதையில் சன்னல் வந்தால் ஆசிரியர் எழுதாத திரை ஒன்றையும் மடிப்புகளோடு தொங்கவிட்டுத்தான் மேலே வாசிப்பாள்.

அங்கே எல்லோருக்கும் குடிக்க அளந்த தண்ணீர்தான்; மிஞ்சினால் உடம்பில் தேங்கிவிடும். முன்பு ஒருநாள், கிணற்றடியில் நடக்கும் கதை ஒன்றை அவள் உருகி உருகி வாசித்தாள். அதைக் கேட்ட பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர் ஒம்ரான், வீட்டுக்குப் போய்ப் பெரிய பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, மறுமுறை மூச்சுத் திணற, முகம் வீங்க வந்து சேர்ந்தான். அன்று அவள் கையில் எடுத்தது இந்தப் பென்சில்.

"கதையில யாரு வேணா சாகட்டும், எவன்கூட வேணா ஓடட்டும். தண்ணி மட்டும் குடிக்கக் கூடாது." இது சலூஹாவின் சட்டம்.

"ஆறு மாசமா அக்கா கதையில ஒருத்திகூட மூஞ்சி கழுவல" என்பான் ஒம்ரான். ஆனால் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் கதையில் ஒருவரும் ஓடமாட்டார்கள். வெயில் விழுந்த சுவரும் கம்பளத்தில் தூங்கும் பூனையும் அவன் கால் தளரும்வரை நீண்டுகொண்டே போகும்.

கதவோரம் தாஹர். கெர்கெனா தீவின் மீனவர். இந்த இயந்திரத்துக்காகவே மகள் வீட்டு மூன்றாம் மாடிக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை வரவில்லை. திங்களன்று மகள் இழுத்துவந்தாள். "இதுதான் கடைசி. இனி வரல" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்றைய கதையில் ஒருவன் தீவுக்குத் திரும்புகிறான். சலூஹா வாசித்தாள்: "வீட்டைவிட்டு வெளியே வந்தான். எதிரே ரோடு. படகில் ஏறினான்."

"ரோட்டுல என்ன படகு?" தாஹர் திரும்பினார். "கடலை எங்கம்மா ஒளிச்சு வெச்ச?"

"உங்க தொண்டைக்காகத்தான் எடுத்தேன், அண்ணா."

"உப்புத்தண்ணிய எவன் குடிப்பான்? கண்ணுலயாவது காட்டு."

பென்சில் கோட்டுக்கு அடியில் தேடி வாசித்தாள். "நீலக் கடல் அமைதியாக இருந்தது."

"எழுதினவன் கடலே பாத்ததில்ல. கதை நடக்கிறது எந்த மாசம்?"

"அக்டோபர்."

"அப்ப ஏது நீலம்? ஈயம் மாதிரி கிடக்கும். முழங்கால் ஆழம்தான். மீன் பிடிக்க நட்ட பனையோலை வேலி நடுங்கும், காத்து வர்றதுக்கு முன்னாடியே."

அவர் சொல்லச் சொல்ல, அதையே கதையாக்கி முதலிலிருந்து வாசித்தாள். இந்த முறை கதாநாயகன் வேலி நடுங்குவதைக் கண்டதும் நின்றான். ஏறப் பயந்தான். தண்ணீர் என்று ஒருவரும் முனகவில்லை.

"புதன்கிழமை தெக்குக் காத்து" என்றார் தாஹர். "அது வேற கடல். அன்னிக்கு வந்து சொல்றேன். இப்ப இவனைப் படகுல ஏத்து. அலை வருது."

சலூஹா அலையை வாசித்தாள். வாசித்துக்கொண்டே, செருப்பு நனைந்துவிடாதபடி இரண்டு கால்களையும் மேலே இழுத்துக்கொண்டாள்.